மடலும் மண்டையோடும்

காவிரி வடிநிலம் என்றவுடன் தஞ்சையையும் திருவாரூரையும் நினைப்பவர் பலர். கொள்ளிடத்தின் வடகரையை நினைப்பவர் சிலரே. திருமழபாடிக்கும் திருமானூருக்கும் அருகே அகன்று ஓடும் இவ்வாறு, வெள்ளக் காலத்தில் காவிரியின் மிகுநீரைச் சுமந்து கடலில் சேர்க்கும் வடிகாலாகவே பெரிதும் பயன்பட்டு வருகிறது. கரையில் இருந்தும் ஆற்றுநீரை நம்பி ஏர் பூட்ட இயலாத நிலை இவ்வூர் உழவருக்கு உண்டு. புள்ளம்பாடி வாய்க்காலில் நீர் வந்தால் கரைவெட்டி ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் வயலும் நிறையும், வடபுலத்துப் பறவைகளும் வந்து தங்கும். வாய்க்கால் வறண்டால் இரண்டும் இல்லை.

2016ஆம் ஆண்டு வாய்க்கால் வறண்டது. ஜூன் 12 அன்று திறக்கப்பட வேண்டிய மேட்டூர் அணை செப்டம்பர் 20 அன்றுதான் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று அன்றைய 32 மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. ஓராண்டின் வறட்சியைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. கருநாடகத்தோடு உள்ள நீர்ப்பங்கீட்டு வழக்கும் ஆற்றுமணல் கொள்ளையும் அதில் உண்டு. ஆயினும் 2015 டிசம்பரில் பெருவெள்ளம், அடுத்த ஆண்டே பெருவறட்சி, 2018 நவம்பரில் கஜா புயல் என்று மழையும் காற்றும் தம் ஒழுங்கை இழந்து வரும் காலத்தில்தான் அது நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

அவ்வறட்சியிலிருந்து எழுந்ததே 2017 மார்ச் 14 அன்று புதுதில்லி ஜந்தர் மந்தரில் தொடங்கி ஏப்ரல் 23 வரை 41 நாள்கள் நடந்த தமிழக உழவர் போராட்டம். தேசிய தென்னிந்திய நதிகள் இணைப்பு விவசாயிகள் சங்கத்தின் தலைவரும் திருச்சி வழக்கறிஞருமாகிய அய்யாக்கண்ணு அதற்குத் தலைமை ஏற்றார். வறட்சி நிவாரணம், பயிர்க்கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம் ஆகியவை முதன்மையான கோரிக்கைகள். வந்தவர்கள் கோவணம் உடுத்தியிருந்தனர். கையில் திருவோடு ஏந்தினர். மண்டையோடுகளை முன்னே வைத்துக்கொண்டு அமர்ந்தனர். அவை மாண்டுபோன உழவர்களின் மண்டையோடுகள் என்றனர். தமிழகத்தில் வறட்சியால் எந்த உழவரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை என்று மாநில அரசு அதே ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் கூறிற்று. வாக்குமூலம் ஒருபுறம், மண்டையோடு மறுபுறம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்தப் போராட்டத்தின் மொழி ஏன் அவ்வாறு அமைந்தது என்பது ஓரளவு விளங்கும்.

நாள் செல்லச் செல்ல அம்மொழி கடுமையாயிற்று. எலியைப் பல்லிடைக் கவ்வினர், பாம்பைக் கவ்வினர். பாதித் தலையும் பாதி மீசையும் மழித்துக்கொண்டனர். பிணம்போல் கிடந்தனர். சோற்றைத் தரையில் கொட்டி உண்டனர். ஏப்ரல் 10 அன்று பிரதமர் அலுவலகத்தின் அருகே ஆடை களைந்து ஓடினர். ஏப்ரல் 22 அன்று சிறுநீர் அருந்தினர். மறுநாள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியின் உறுதிமொழியை ஏற்றுப் போராட்டத்தை நிறுத்தி வைத்தனர்.

இதனைக் கண்டு இரங்கினோர் பலர். முகம் சுளித்தோரும் பலர். இது நாடகம் என்றும், தமிழர் மானத்தைத் தலைநகரில் வாங்கிவிட்டனர் என்றும் சொல்லப்பட்டது. மானத்தை வாங்கிவிட்டனர் என்ற சொல்லையே இலக்கிய மாணவர் ஊன்றிப் பார்க்க வேண்டும். தன் நாணத்தைத் தானே அழித்துக்கொண்டு வேண்டியதைப் பெற முயலும் ஒரு வழக்கம் தமிழ் அகமரபில் பெயரும் இலக்கணமும் பெற்றே நிற்கிறது. அதுதான் மடலேறுதல்.

பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கும் ஆவிரையும் சூடி, எலும்பு மாலை அணிந்து, ஊர்த்தெருவில் சிறுவர் இழுத்துச் செல்ல வருகின்ற தலைவனைச் சங்கப்பாடல்கள் காட்டுகின்றன. பிறரைத் தாக்குவதற்கு அவனிடம் கருவி ஏதும் இல்லை. தன் உடலை நகைப்புக்கு உரியதாக்குவதே அவன் செய்வது. அவன் அணிந்த எலும்பு, மறுத்தால் நேரப்போகும் சாவின் அறிகுறி. நகைப்பு முற்றியபின் பழி யாருக்கு என்று ஊர் எண்ணத் தொடங்குகிறது. கொடுக்க வேண்டியவர் அப்பழிக்கு அஞ்சுகின்றனர். நெய்தற்கலியில் தலைவியின் சுற்றத்தார் அவ்வாறு அஞ்சி மணம் நேர்வதையும் காணலாம். ஜந்தர் மந்தரில் அமர்ந்த உழவர் கலித்தொகையைப் படித்துவிட்டு வந்தவர் என்று சொல்ல வரவில்லை. எலும்பு அணிந்து நடுத்தெருவில் நிற்பவன் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது என்பதே இங்குச் சொல்லத்தக்கது.

உண்ணாநோன்புப் போராட்டங்களுக்கு முன்னோடியாகக் கோப்பெருஞ்சோழனின் வடக்கிருத்தலைக் காட்டுவது மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அது பொருந்தாது. வடக்கிருந்தவன் எவரிடமும் எதனையும் கேட்கவில்லை. உலகோடு உள்ள கணக்கை முடித்துக்கொண்டான். மடலேறுவோனோ கேட்கிறான், கொடுக்கும்வரை தெருவை விட்டு நீங்குவதில்லை. போராட்டத்தின் மூதாதை மடலே.

தொல்காப்பியர் நுட்பமாக ஒரு வரம்பு கட்டினார். மடலேறுவேன் என்று சொல்வது வேறு, ஏறிவிடுவது வேறு. ஏறிய மடலை அவர் பெருந்திணையின்பாற் படுத்தினார். சொல்லளவில் நிற்கும்போது அதற்கு உள்ள ஆற்றல் செயலாகும்போது குறைந்துவிடும் என்பதை அவர் கண்டிருக்கக் கூடும். 41 நாள்களின் வரலாறு இதனை மெய்ப்பிக்கிறது. மண்டையோடு முதல்நாள் ஏற்படுத்திய அதிர்ச்சியை ஏழாம் நாள் ஏற்படுத்தவில்லை; எனவே எலி வந்தது. எலியும் பழகிற்று; பாம்பு வந்தது. புகைப்படக் கருவிகள் நாள்தோறும் புதியதைக் கேட்டன. எலி எதனைக் குறித்தது என்பதை, அதாவது விளைச்சல் இல்லாதபோது எலியைத் தின்னும் நிலைக்கு உழவன் தள்ளப்படுவான் என்பதை, வடநாட்டுப் பார்வையாளருக்கு விளக்குவார் இல்லை. உருவம் ஓங்க ஓங்க உள்ளடக்கம் தேய்ந்தது. கடன் தள்ளுபடிக் கோரிக்கை நினைவில் நின்றது. மழையும் ஆறும் பின்னே போயின.

இதற்கு மாறான வழியும் இந்நாட்டில் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று அதே திருச்சியிலிருந்து இராஜாஜியின் தலைமையில் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 100 பேர். உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் அறிவித்தபோது, ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர் என்பர். நாமக்கல் கவிஞர் நடைக்கென்றே பாட்டு எழுதித் தந்தார். நாள்தோறும் புதிய வியப்பு எதனையும் அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரே செயல் 15 நாள்கள் மெல்ல முதிர்ந்தது. 2012இல் மத்தியப் பிரதேசத்துக் கோகல்காவ் மக்கள் ஓங்காரேசுவர் அணையின் நீர்மட்டம் உயர்த்தப்பட்டதை எதிர்த்து 17 நாள்கள் கழுத்தளவு நீரில் நின்றதும், அதனை அடுத்துச் செப்டம்பர் 13 அன்று இடிந்தகரை மக்கள் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகக் கடலுள் இறங்கிக் கைகோத்து நின்றதும் இவ்வகையின. நீரில் நிற்பவன் நீரைப் பற்றிப் பேசுகிறான் என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தில்லிப் போராட்டத்துக்கு ஒரு திங்கள் முன்னர், 2017 பிப்ரவரி 16 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டனர். நிலத்தடி எரிபொருளை நிலத்தடியிலேயே விடுக என்பது அவர்கள் கேட்டதன் சாரம். பருவநிலையைப் பற்றி உலக மாநாடுகள் சுற்றிவளைத்துப் பேசுவதை அவ்வூர்ப் பெண்கள் கும்மியிலும் ஒப்பாரியிலும் நேரே சொன்னார்கள். மடல் மகளிர்க்கு உரியதன்று என்பது பழைய இலக்கணம். திருமங்கையாழ்வார் தம் மடல்களில் நாயகியை மடலேற வைத்து அதனை மீறினார். நெடுவாசலில் அம்மீறலுக்கு உரையாசிரியர் எவரும் தேவைப்படவில்லை.

பிற நாடுகளிலும் இவ்வழி தோன்றியுள்ளது. 2009 அக்டோபர் 17 அன்று மாலத்தீவு அமைச்சரவை கடலடியில் கூடித் தீர்மானத்தில் கையொப்பமிட்டது. 2019 ஆகஸ்ட் 18 அன்று ஐஸ்லாந்து மக்கள் உருகி அழிந்த ஒக் என்னும் பனியாற்றுக்கு நினைவுப் பலகை நாட்டினர். அதன் வாசகத்தை எழுதியவர் ஆந்திரி மக்னசோன் என்னும் எழுத்தாளர். வருங்காலத்தாரை நோக்கிய அச்சிறு மடலின் அடியில், காற்றில் அப்போதிருந்த கரியமில வாயுவின் அளவும் பொறிக்கப்பட்டது. மாண்ட மன்னனுக்குக் கையறுநிலை பாடிய மரபினர்க்கு மாண்ட பனியாறு ஒன்றுக்குப் பாடுவது விந்தையாகத் தோன்றாது. அரியலூர் வட்டாரத்துப் பழங்கடலின் சுண்ணாம்புக்கல்லைச் சிமெண்டு ஆலைகள் சுடும்போது அக்கல்லில் கட்டுண்டிருந்த கரியமிலமும் அதே காற்றில்தான் கலக்கிறது. இதனை எழுதிய தமிழ்க்கவிதைகள் மிகச் சில.

தில்லியில் அமர்ந்தவர்கள் பெற்றது என்ன? கூட்டுறவுக் கடனை எல்லா உழவர்க்கும் தள்ளுபடி செய்யுமாறு 2017 ஏப்ரல் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஜூலை 16 அன்று உழவர்கள் மீண்டும் ஜந்தர் மந்தரில் அமர்ந்தனர். அக்டோபர் 5 அன்று அவ்விடத்தில் போராட்டமே கூடாது என்று ஆணை பிறந்தது. காரணம் ஒலிமாசு, ஆணையிட்டது பசுமைத் தீர்ப்பாயம். அடுத்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அம்முழுத்தடையை நீக்கியது. காவிரி மேலாண்மை ஆணையம் 2018 ஜூனில் அமைந்தது. அதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே நேர்க்காரணம் எனினும், கோரிக்கையை நாடறியச் செய்ததில் அந்தக் கோவணங்களுக்கும் பங்கு உண்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் கொள்ளிடம் கரைகொள்ளாமல் ஓடிற்று. 22ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிட மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. ஈராண்டுக்கு முன் வறண்டிருந்த வடகரை, வயலுக்கு வராத வெள்ளத்தைப் பார்த்து நின்றது.

2020 பிப்ரவரி 9 அன்று காவிரி வடிநிலம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகும் என்று முதலமைச்சர் அறிவித்தபோது, அரியலூர் மாவட்டத்தின் பாசனப் பகுதியும் அதில் சொல்லப்பட்டிருந்தது. பதினொரு நாள்களுக்குப் பின் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் இருந்தன; திருச்சியும் கரூரும் அரியலூரும் இல்லை. கொள்ளிடப் பாலத்துக்கு அப்பால் உள்ள தஞ்சை மாவட்டத்து வயல் அச்சட்டத்தின் காப்புக்குள் அமைந்தது. இப்பால் உள்ள திருமானூர் வயல் அதற்கு வெளியே நின்றது.