மாதா (இசைத்தொகுப்பு)

ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த எம்.ஐ.ஏ. (மாயா அருட்பிரகாசம்) வெளியிட்ட ஆறாவது இசைத்தொகுப்பு. 2022 அக்டோபர் 14இல் வெளிவந்தது.

தந்தையின் இயக்கப் பெயரைத் தாங்கிய முதல் தொகுப்பு ‘அருளர்’ (2005), ரோலண்ட் எம்.சி.-505 என்ற சிறு கருவியில் கருக்கொண்டது. தாயின் பெயரிட்ட ‘கலா’ (2007) உறுமி மேளத்தையும் ‘தளபதி’ படத்தின் இளையராஜா இசையையும் உள்வாங்கியது. அதிலுள்ள ‘பேப்பர் பிளேன்ஸ்’, பிரித்தானிய ராக் குழுவான தி கிளாஷின் இசைத் துணுக்கின்மேல் எழுந்து, அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடத்தை எட்டியது.

2009இல் இலங்கையின் வன்னியில் போர் உக்கிரமடைந்தபோது, அங்கு சிக்கிய மக்களின் அவலத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடுத்துரைத்தார் மாயா. அப்போர் முள்ளிவாய்க்காலில் முடிந்ததற்கு அடுத்த ஆண்டு வந்த ‘மாயா’ தொகுப்பு, முந்தைய இரண்டையும்விடக் கரடுமுரடானது. அதன் ‘பார்ன் ஃப்ரீ’ பாடலில் நியூயார்க்கின் சூசைட் குழுவுடைய ‘கோஸ்ட் ரைடர்’ இசை சீறுகிறது.

‘மாதா’வில் அந்தச் சீற்றம் தணிந்து, ஆன்மிகத் தேடல் முன்வருகிறது. இந்துத் தெய்வத்தின் பெயர் கொண்ட ‘மாதங்கி’யை 2013இல் தந்தவர், இப்போது கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையாகப் பேசுகிறார். தமிழ்த் தடம் மறையவில்லை: ஒரு பாடலின் தலைப்பே ‘புத்தி’.