துரித உணவகங்களின் அடையாள உருவங்கள்

அடையாள உருவம் என்பது, ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகை, பொட்டலம், விளம்பரம் ஆகியவற்றில் இடம்பெற்று அந்நிறுவனத்தை நினைவூட்டும் மனித, விலங்கு அல்லது கற்பனை உருவமாகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும், உள்ளூர் மொழி அறியாத பயணியும் உருவத்தைக் கண்டே கடையை அறிந்துகொள்வர். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் இவ்வகை உருவங்கள் பலவற்றைக் காணலாம். அவற்றுள் வெண்தாடி முதியவரின் முகமும், 'தலப்பாக்கட்டி' என்ற பெயரும் உண்மையாக வாழ்ந்த இரு மனிதரிடமிருந்து வந்தவை.

கர்னல் சாண்டர்ஸ்

கே.எஃப்.சி. நிறுவனத்தின் முகமான ஹார்லண்ட் சாண்டர்ஸ் 1890 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். இளவயதிலேயே தந்தையை இழந்தார். 1930-இல் கென்டக்கி மாநிலத்தின் கார்பின் என்னும் ஊரில் பெட்ரோல் நிலையம் நடத்தியபோது, வழிப்போக்கர்களுக்கும் சமைத்துக் கொடுத்தார். 'கர்னல்' என்பது படைப் பதவியன்று. 1935-இல் மாநில ஆளுநர் வழங்கிய மதிப்புப் பட்டம். பின்னாளில் புதிய நெடுஞ்சாலை ஊரைத் தவிர்த்துச் சென்றதால் கடை நொடித்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், தமது செய்முறையை ஊர் ஊராகச் சென்று பிற உணவகங்களுக்கு உரிமம் அளித்துப் பிழைத்தார். வெள்ளைக் கோட்டும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் அவருடைய அன்றாட உடையாயின.

1964-இல் நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு விற்ற பிறகும், சம்பளம் பெற்று அதன் விளம்பர முகமாக நீடித்தார். ஆனால் புதிய உரிமையாளர்கள் சமையலை மாற்றியது அவருக்குப் பிடிக்கவில்லை. குழம்பின் தரத்தை வெளிப்படையாகப் பழித்தார். இதற்காக ஒரு கிளை உரிமையாளர் தொடுத்த அவதூறு வழக்கில், 1978-இல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் சாண்டர்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1980-இல் அவர் மறைந்தார். முகம் மட்டும் பலகையில் தொடர்கிறது.

கற்பனை உருவங்கள்

மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் முதல் உருவம் 'ஸ்பீடி' என்னும் சமையற்காரர். அதன் பின் வந்த ரொனால்டு என்ற கோமாளி 1963-இல் வாஷிங்டன் தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றினார். வில்லார்டு ஸ்காட் அவ்வேடத்தை ஏற்றார். குழந்தைகளை இவ்வாறு ஈர்ப்பது தகுமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. இந்தியாவில் உணவகம் சாராத உருவங்கள் முன்பே இருந்தன. ஏர் இந்தியாவின் மகாராஜா 1946-இலும், அமுல் சிறுமி 1966-இலும் பிறந்தவை.

கே.எஃப்.சி. 1995-இல் பெங்களூருவில் தன் முதல் இந்தியக் கிளையைத் திறந்தது. அயல்நாட்டு உணவு உள்ளூர் வேளாண்மையைக் கெடுக்கும் என விவசாயிகள் எதிர்த்தனர். 1996 ஜனவரியில் அக்கடை தாக்கப்பட்டது. புன்னகைக்கும் தாத்தா ஒரு பகுதியினருக்கு அந்நிய ஆதிக்கத்தின் சின்னமாகத் தெரிந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் கால்பதித்தது.

தலப்பாக்கட்டி

நாகசாமி நாயுடு 1957-இல் திண்டுக்கல்லில் 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்' தொடங்கினார். சீரகச் சம்பா அரிசியில் சமைக்கப்படும் பிரியாணி அதன் சிறப்பு. எப்போதும் தலைப்பா கட்டியிருந்ததால், 'தலப்பாக்கட்டி நாயுடு' என வாடிக்கையாளர்கள் அழைத்தனர். விளம்பர நிறுவனம் எதுவும் இப்பெயரைச் சூட்டவில்லை. சாப்பிட வந்தவர்கள் சூட்டினர். காலப்போக்கில் அதுவே கடையின் பெயராயிற்று.

தலைப்பா தமிழக ஊர்ப்புறங்களில் பலரும் கட்டுவது. ஆயினும் பெயர் புகழ்பெற்றதும் அதைப் போன்ற பெயர்களில் வேறு பிரியாணிக் கடைகள் தோன்றின. ஒத்த பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. ஊரார் அன்போடு இட்ட பட்டப்பெயர், வணிக முத்திரையாகிச் சட்டத்தின் காவலைத் தேடியது.

ஒப்பீடு

கோமாளியை வேண்டாதபோது ஒதுக்கிவிடலாம். வாழ்ந்த மனிதர் சின்னமாகும்போது அவ்வாறு இயலாது. சாண்டர்ஸின் பெயரும் முகமும் நிலைத்தன. சமையல் அவர் கையை விட்டுப் போனது. திண்டுக்கல்லில் பட்டப்பெயர் நிலைத்தது. பலகையில் நாகசாமி என்ற சொந்தப் பெயர் இல்லை.