விமான நிலையத்து வேலையும் மாறிவரும் முதலாளிகளும்



ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மாணவர்களின் குடும்ப விவரப் படிவங்களைத் திரட்டுவது எம்போன்ற வகுப்பாசிரியர்களின் கடமை. சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் 'தொழில்' என்னும் கட்டத்தில் 'ஏர்போர்ட் கார்கோ' என்று தயங்காமல் எழுதும் பெற்றோர் சிலர், 'முதலாளியின் பெயர்' என்னும் கட்டத்தில் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். விமானத்தின்மேல் ஒரு பெயர், சட்டையில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் மற்றொரு பெயர். செய்யும் வேலையோ பல ஆண்டுகளாக அதே வேலைதான். இந்நிலை எவ்வாறு உருவானது என்பதை வரலாற்று வழியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறைமுகத் தீவு விமானச் சரக்கை நம்பியது

பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-இல் திறக்கப்பட்டது. எனினும் பினாங்கின் வாழ்வு நெடுங்காலம் கப்பலையே நம்பியிருந்தது. 1969-இல் ஜார்ஜ் டவுன் தன் வரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் தீவை வாட்டியது. அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. இன்டெல் முதலான மின்னணு நிறுவனங்கள் வந்தன.

மின்னணுச் சில்லு எடையில் சிறியது, விலையில் பெரியது. வாரக்கணக்கில் கப்பலில் கிடத்த இயலாதது. ஆகவே அது வானத்தில் பறந்தது. அதே 1972-இல்தான், அக்டோபர் முதல் நாள், மாஸ் எனப்படும் மலேசிய விமான நிறுவனமும் தன் பயணத்தைத் தொடங்கியது. சரக்கைக் கையாள்வதில் கேஎல்ஐஏவுக்கு அடுத்த நிலையில் பினாங்கு விமான நிலையம் நிற்பதற்கு அத்தொழிற்சாலைகளே அடிப்படை.

பெட்டியை எடை போடுவது, ஊடுகதிரில் சோதிப்பது, பேலட்டில் அடுக்கி வலையிட்டு இறுக்குவது, விமானத்தின் சமநிலை கெடாதவாறு வரிசைப்படி ஏற்றுவது என நீளும் அவ்வேலைக்கு உடல் வலிமையோடு பட்டறிவும் வேண்டும். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் பெருநிலத்து மக்களுக்கு அவ்வேலை எட்டும் தூரத்தில் வந்தது. 2014 மார்ச் முதல் நாள் பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைத்து இரண்டாம் பாலம் திறக்கப்பட்டபோது, நம் வட்டாரத்திற்கு அது இன்னும் நெருங்கியது.

தொழிற்சங்கம் இழந்த வலிமை

1978-ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ் ஊழியர்களுக்கும் நிருவாகத்திற்கும் இடையே ஊதியம் குறித்துப் பிணக்கு மூண்டது. 1979-இல் அரசு தலையிட்டது. தொழிற்சங்கத்தினர் சிலரும், அனைத்துலகப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனத்தின் ஆசியப் பேராளராக இருந்த டோனால்ட் யூரனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். விமான ஊழியர் சங்கத்தின் பதிவும் நீக்கப்பட்டது. பின்னர் நிறுவனத்திற்குள் மட்டும் இயங்கும் சங்கமே அதன் இடத்தைப் பிடித்தது. ஒரு நிறுவனத்தோடு கட்டுண்ட சங்கம், வேலை வேறு நிறுவனத்திற்குக் கைமாறும்போது தொழிலாளியைப் பின்தொடர்ந்து செல்ல இயலாது. அதன் பொருள் பிற்காலத்தில்தான் பலருக்கும் விளங்கிற்று.

2014, 2015

2014 மார்ச் 8-இல் எம்எச்370 விமானம் 239 பேருடன் மறைந்தது. சூலை 17-இல் உக்ரேன் வானில் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அதற்கு முன்பே நட்டத்தில் தள்ளாடிய மாஸ் தாங்க இயலாத நிலையை அடைந்தது. ஆகஸ்டு 29-இல் அதன் பெரும்பங்குதாரரான கசானா நேஷனல், 600 கோடி ரிங்கிட் மதிப்பிலான மீட்புத் திட்டத்தை அறிவித்தது. ஏறத்தாழ 20,000 ஊழியர்களில் 6,000 பேர் விலக வேண்டும் என்பது அதன் ஒரு கூறு.

2015-இல் அதற்கெனத் தனிச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. சூன் முதல் நாள் பழைய நிறுவனத்தின் ஊழியர்கள் அனைவருக்கும் பணிமுடிப்புக் கடிதம். அவர்களுள் ஏறத்தாழ 14,000 பேருக்குப் புதிய நிறுவனத்தில் சேர அழைப்பு. செப்டம்பர் முதல் நாள் புதிய நிறுவனம் இயங்கத் தொடங்கியது. விலகியோருக்கு இழப்பீடும் மறுபயிற்சியும் வழங்கப்பட்டன என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். இன்று அக்குழுமத்தின் சரக்குப் பணியும் தரைப்பணியும் தனித்தனித் துணை நிறுவனங்களின் பெயரில் நடைபெறுகின்றன. அவற்றுக்கு வெளியே போஸ் ஏவியேஷன் போன்ற நிறுவனங்களும், அவர்களுக்கும் கீழே ஆள் அனுப்பும் குத்தகையாளர்களும் உள்ளனர்.

நமக்குப் பழக்கமான கதை

இடையில் ஒருவர் நிற்கும் இம்முறை நம்மவர்க்குப் புதியதன்று. தோட்டத்தில் கங்காணி நின்றார். தாம் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938-இல் இந்திய அரசு தடை விதித்ததும் அந்த ஆள்சேர்ப்பு ஓய்ந்தது. பின்னர் அதே தோட்டங்களில் குத்தகை முறை பரவியபோது, மரமும் பாலும் மாறவில்லை. 'உன் முதலாளி யார்?' என்பதற்கான விடைதான் மாறியது. சரக்குக் கூடத்திலும் அதுவே நிகழ்கிறது. ஆள்குறைப்பு என்றால் வேலை மறைந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பெட்டிகள் நின்றுவிடவில்லை, அவற்றை யாரோ ஏற்றுகிறார்கள். மறைவது வேலையன்று, தொழிலாளி சேர்த்துவைத்த ஆண்டுகள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 1980-ஆம் ஆண்டுப் பணிநிறுத்தப் பயன் விதிமுறைகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 20 நாள் ஊதியம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் எனில் 15 நாள். ஈராண்டுக்குக் குறைவெனில் 10 நாள். 12 மாதம் நிறையாதவருக்கு ஒன்றுமில்லை. ஒரே முதலாளியிடம் 12 ஆண்டு உழைத்தவருக்கு 240 நாள் ஊதியம் சேரும். அவரே இடையில் 'தாமாக விலகுகிறேன்' என்று கையெழுத்திட்டுப் புதிய குத்தகையாளரிடம் சேர்ந்து, பதினெட்டு மாதத்தில் நிறுத்தப்பட்டால், கிடைப்பது 15 நாள் ஊதியமே. ஒரு கையெழுத்தில் கரைந்தது 225 நாள் ஊதியம்!

இதனை இயற்கை நியதி என்று ஏற்க வேண்டியதில்லை. 2020-இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் பத்து விமான நிலையங்களில் ஏறத்தாழ 1,700 தரைப்பணியாளர்களை நீக்கி, வேலையை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டது. தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. அச்செயல் சட்டவிரோதம் என்பதை 2023-இல் அந்நாட்டு உயர்மட்ட நீதிமன்றம் உறுதி செய்தது. 2024-இல் 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீட்டிற்கு இணக்கம் ஏற்பட்டது. 2025-இல் மேலும் 9 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆயினும் அவ்வேலைகள் அவர்களுக்குத் திரும்பவில்லை. நிறுவனம் கடந்து நிற்கும் சங்கம் இருந்தமையால் ஈடாவது கிட்டியது.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமநிதி அறிக்கை ஆகியவற்றை ஒரே கோப்பில் பாதுகாத்து வையுங்கள். நிறுவனம் மாறும்போது, 'என் பழைய ஆண்டுகள் தொடருமா?' என்று எழுத்தில் கேளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள கடிதம் புரியவில்லையெனில், உடனே கையெழுத்திடாதீர்கள். வீட்டிற்குக் கொண்டுவந்து படித்தவரிடம் காட்டுங்கள். நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதினால், 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்கீழ் 60 நாள்களுக்குள் முறையிட வேண்டும். அந்நாள்கள் கடந்துவிட்டால் நியாயம் இருந்தும் வழியில்லை. 2018 முதல் நடப்பிலுள்ள வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவியையும் சொக்சோ அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம்.

ஆசிரிய நண்பர்களே, மலாக்கா மன்னர்களின் ஆட்சியாண்டுகளை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர், செய்யட்டும். அவர்களுடைய தந்தையரும் தாயரும் உழைத்த ஆண்டுகளும் வரலாறே. அவற்றைக் கணக்கிடவும் நாம் கற்றுத் தருவோம்.