கவட்டு நோவுக்கு ஒரு வரலாறு

மைதானத்தில ஒருத்தர் கவட்டைப் பிடிச்சுக்கொண்டு குந்தினால் நாங்கள் வழமையாச் சொல்றது ஒன்றுதான்: "சதை பிடிச்சிருக்கும், எண்ணெய் பூசு, நாளைக்குச் சுகமாயிடும்." அநேகமாக அது சரியும்தான். ஆனால் சிலருக்கு அந்த நோவு தசையில் இல்லை, இடுப்பு மூட்டுக்குள்ளே இருக்கிறது. இதைத் தெளிவாகச் சொல்ல வைத்திய உலகத்துக்கே பல தசாப்தங்கள் எடுத்தன.

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் உள்ள குழி அதைத் தாங்கும் கிண்ணம். பந்தும் அதன் கழுத்தும் சேருமிடத்தில் எலும்பு மேடு தட்டியிருந்தால், குந்தும்போதும் உதைக்கும்போதும் அந்த மேடு கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். நாளடைவில் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் கிழியலாம், குருத்தெலும்பு தேயலாம்.

1936இலேயே பொஸ்ரனில் சிமித்-பீற்றர்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், எலும்பு எலும்போடு இடிப்பதால் நோவு வரும் என்று கருதி, கிண்ணத்தின் விளிம்பைச் செதுக்கிப் பார்த்தார். அந்த எண்ணம் பெரிதாக வளரவில்லை. 1971இல் மரே, டங்கன் என்ற இருவர் பிரித்தானிய இளைஞர்களின் இடுப்பு எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டார்கள். விளையாட்டை அதிகம் வலியுறுத்திய பாடசாலையில் படித்தவர்களிடம் தொடை எலும்புத் தலையின் வடிவம் கூடுதலாக மாறியிருந்தது. அதாவது, வளரும் வயதில் கொடுக்கும் கடும் பயிற்சி எலும்பின் வடிவத்தையே மாற்றக்கூடும் என்ற சந்தேகம் அப்போதே எழுந்துவிட்டது. ஆனாலும் அது மைதானங்களுக்கு வந்து சேரவில்லை.

2003இல்தான் சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரில் ரைன்ஹோல்ட் கான்சும் அவரது குழுவினரும், இந்த இடிபாடு பிற்கால மூட்டுத் தேய்வுக்கு ஒரு காரணம் என்று விளக்கி எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் கூடைப்பந்து, உதைபந்தாட்டம் ஆடும் பதின்ம வயதினரைப் பார்த்தன. எலும்பு வளரும் தட்டு மூடுவதற்கு முந்திய வருடங்களில்தான் அந்த மேடு உருவாகிறது என்று அவை காட்டின.

பெரிய வீரர்களையும் இடுப்பு மூட்டு விட்டுவைக்கவில்லை. பிரெஞ்சு ஓப்பினை மூன்று தடவை வென்ற குஸ்தாவோ குவெர்ட்டன் 2002இலும் 2004இலும் இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தார். 2008இல் 31 வயதில் ஓய்வு பெற்றார். அன்டி மரே 2019 ஜனவரியில் மெல்பேர்னில் அழுதபடி பேசியதைப் பலர் பார்த்திருப்போம். அதே மாதம் அவருடைய மூட்டில் உலோகம் பொருத்தப்பட்டது. ஒக்ரோபரில் அன்ட்வேர்ப்பில் கிண்ணம் வென்றார். அவருக்குக் கிடைத்த வைத்தியம் எல்லாருக்கும் கிடைக்குமா எண்டதை நாங்கள் கேட்கத்தான் வேணும்.

இதை வாசிச்சிட்டு ஒருத்தரும் விளையாட்டை விடத் தேவையில்லை. எக்ஸ்ரேயில் மேடு தெரிவது மட்டும் வருத்தம் ஆகாது. நோவும், வைத்தியர் சோதித்துக் காணும் அறிகுறிகளும் சேர வேண்டும் என்று 2016இல் நிபுணர்கள் உடன்பட்டார்கள். பலருக்கு ஓய்வும் உடற்பயிற்சிச் சிகிச்சையுமே உதவும்.

ஆனால் வாரக்கணக்காகக் கவடு நோகுது என்று ஒரு பிள்ளை சொன்னால், "பஞ்சியில சொல்லுது" என்று தள்ளிவிடக் கூடாது. பாடசாலைக்குக் கிண்ணம் அடுத்த வருடமும் வரும். அந்தப் பிள்ளைக்கு இடுப்பு மூட்டு ரெண்டுதான்.