கிரியானிலிருந்து எவ்வளவு தூரம்? வட பேராக் தமிழரும் மாற்றுத்திறனாளிகளுக்கான கிறிஸ்தவத் தொண்டின் வரலாறும்

பேராக்கின் வடமேற்கு எல்லையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் பாரிட் புந்தார். ஒருபுறம் கெடா, இன்னொரு புறம் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால். ரயிலேறிப் பிறைக்குப் போய், அங்கிருந்து நீரிணையைக் கடந்தால் பினாங்குத் தீவு. கண் தெரியாத பிள்ளைக்கு எழுத்தறிவிக்க நினைத்த இந்தப் பகுதிப் பெற்றோருக்குப் பல பத்தாண்டுகள் இருந்த வழி அதுதான். பிள்ளையை அனுப்ப வேண்டும்; அனுப்பினால் பிரிய வேண்டும். மலாயாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான கிறிஸ்தவத் தொண்டின் வரலாற்றை மிஷனரிகளின் பெயர்களையும் கட்டடங்களையும் வைத்து எழுதுவது வழக்கம். இந்தத் தூரத்தை வைத்துப் பார்த்தால் அதே வரலாறு வேறு மாதிரித் தெரிகிறது.

தொடக்கம் தமிழ் மண்ணில்தான். 1890இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பணியைத் தொடங்கினார். தமிழ் எழுத்துகளுக்குப் புள்ளிமுறை அமைவதிலும் அவருக்குப் பங்குண்டு. அதே பத்தாண்டில், அதே ஊரில், செவிப்புலனற்றோருக்கான பள்ளியை ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் நிறுவினார். இத்தகைய ஆங்கிலிக்கன் பெண் மிஷனரிகளின் வலைப்பின்னல் கடல் தாண்டியும் விரிந்தது. 1912இல் மேரி சாப்மன் இலங்கையில் செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் இரத்மலானையில் நிலைகொண்டது. 1920இல் அவரே ரங்கூனில் இன்னொரு பள்ளியை நிறுவினார். இவை எல்லாவற்றிலும் விடுதிதான் அச்சாணி. பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்துவந்து, எழுத்தும் கைத்தொழிலும் வேதமும் கற்பித்து ஆளாக்குவது திட்டம். பிச்சைக்கு விடப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு அது மறுவாழ்வு என்பதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டை ஒரு தடையாகவே பார்க்கும் பழக்கமும் அதோடு சேர்ந்தே வளர்ந்தது.

மலாயாவுக்கு வந்த தமிழர் நிலை வேறு. கங்காணி ஆள் திரட்டியது உழைக்கும் உடலைத்தான். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் மருத்துவச் சோதனை. பினாங்கில் இறங்கியதும் மீண்டும் தனிமைப்படுத்தல். ஆக, தோட்டத்துக்குள் நுழையும்போதே உடற்குறை வடிகட்டப்பட்டது. பிறகு விபத்திலோ நோயிலோ முடமானவர்களை ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவை, 1907இல் தோன்றிய குடியேற்ற நிதி ஏற்றது. அரசுக்கும் துரைமார்க்கும் தெரிந்த தீர்வு கப்பல்தான். லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது. காலை ஆளெடுப்பான பெரட்டில் நிற்காதவருக்கு அங்கே சட்டப்படி இடமில்லை. தோட்டத்தில் பிறந்த ஊனமுற்ற பிள்ளையின் நாள் ஆயாக் கொட்டகையிலோ, கதவடைத்த வீட்டிலோ கழிந்தது.

இதற்கு மாறான ஓர் அமைப்பும் அருகிலேயே இருந்தது. பாரிட் புந்தாருக்குத் தெற்கே பாகான் செராயில், 1882இல் பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்தினார். சூசைப்பாளையம் எனப்படும் அந்தக் குடியிருப்பை மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு என்று எவரும் வகைப்படுத்துவதில்லை, வகைப்படுத்தவும் முடியாது. ஆனாலும், வீடு தோட்ட வேலையோடு பிணைக்கப்படாத இடத்தில் உழைக்க இயலாதவரும் குடும்பத்தோடு இருக்க முடியும். இல்லங்களைத் திறந்ததைவிட அந்த ஏற்பாடு குறைந்த தொண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

முறையான நிறுவனம் 1926இல் வந்தது. ஆங்கிலிக்கன் மருத்துவ மிஷன் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1931இல் பினாங்குக்கு இடம் மாறியது. பிறகு பாகான் ஜெர்மல் சாலையில் நிலைத்தது. பாளையங்கோட்டையின் விடுதி முறையே இங்கும். போருக்குப் பின் பார்வையற்றோருக்காக ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பள்ளியும், 1954இல் செவிப்புலனற்றோருக்காகப் பினாங்கில் கூட்டரசுப் பள்ளியும் எழுந்தன. மிஷன் போட்ட தடத்தில் அரசும் தன்னார்வச் சங்கங்களும் நடந்தன. கிரியான் பிள்ளைக்குத் தூரம் மட்டும் குறையவில்லை. தூரத்தோடு மொழியும் சேர்ந்துகொண்டது: வீட்டில் தமிழ், விடுதியில் ஆங்கிலம், பிற்காலத்தில் மலாய். விடுமுறைக்கு வந்த பிள்ளையோடு தாய் எப்படிப் பேசியிருப்பாள் என்ற கேள்வி மிஷன் அறிக்கைகள் கேட்கிற வகையைச் சேர்ந்ததல்ல.

உண்மையான திருப்பமாக நான் கருதுவது 1966. தரங்கம்பாடி மரபில் வந்த தமிழ் லுத்தரன் சபையினர் பேராக்கின் தென்மேற்கில், ஊத்தான் மெலிந்தாங் அருகே சிம்பாங் அம்பாட்டில் பெத்தானி இல்லத்தைத் தொடங்கினர். முதலில் அது வலிப்பு நோயாளிகளுக்கானது. அந்தத் தேர்வு சாதாரணமானதல்ல. பார்வைக்கும் செவிக்கும் பள்ளி வைத்தவர்கள் எழுத்தையும் சைகையையும் நம்பலாம். வலிப்புக்கு அவை உதவா. தோட்டங்களில் அது பேய் பிடித்தல், சாமி குற்றம். கத்தி, அடுப்பு, வாய்க்கால் என எங்கு விழுந்தாலும் ஆபத்து. தொடர்ந்து மாத்திரை கொடுத்தால் பலருக்குக் கட்டுப்படும் நோய்தான். ஆனால் வேளை தவறாமல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கைவைத்து ஜெபித்துக் குணமாக்கும் ஆசை வலுத்திருந்த கிறிஸ்தவச் சூழலில், மாத்திரையை நம்பி ஓர் இல்லம் நடத்துவதற்கு இறையியல் துணிவும் தேவைப்பட்டிருக்கும். பினாங்கு நகரத்தில் அல்லாமல் தோட்டப்புறத்திலேயே அது நின்றது முக்கியம். பின்னாளில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான கல்வியும் பயிற்சியும் அதன் முதன்மைப் பணியாயின.

அதே 1966இல்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், சாலை விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை மருத்துவம் செய்த மேரி வர்கீஸ் தலைமையில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அங்கே தொண்டு செய்தவரே ஊனமுற்றவர். மலாயா மிஷன் மரபில் அந்தத் தலைகீழ் மாற்றம் மெதுவாகவே நடந்தது.

1979இல் மலேசியன் கேர் என்ற கிறிஸ்தவ அமைப்பு உருவாகி, கற்றல் குறைபாடுள்ளோருக்கான பணியையும் கையிலெடுத்தது. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் அரசு சமூக மறுவாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று எல்லோரும் பி.டி.கே. என்று சொல்வது அதைத்தான். ஊருக்குள்ளேயே நிலையம், வேண்டுமானால் வீட்டுக்கே பயிற்சியாளர். தூரம் ஒருவழியாகக் குறைந்தது. 2008இல் மாற்றுத்திறனாளிகள் சட்டமும், 2010இல் ஐ.நா. உடன்படிக்கைக்கு ஒப்புதலும் வந்தபோது, தொண்டு என்று பேசப்பட்டது உரிமை என்று எழுதப்பட்டது.

ஆனால் உரிமை வந்த நேரத்தில் தோட்டமே போயிருந்தது. நிலம் கைமாறி லயங்கள் இடிக்கப்பட, குடும்பங்கள் மலிவு விலை வீடுகளுக்குச் சிதறின. தாய் ஆலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆயாக் கொட்டகை இல்லை. ஓ.கே.யு. எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டைக்கு முன்னால் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் வேண்டும். அவை இல்லாத தோட்டத் தமிழர் கணிசமானோர். இன்றைய நிலையில் சபைத் தொண்டர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஊழியம் பாரம் நிரப்பிக் கொடுத்துச் சமூக நல இலாகா வரை கூடப் போவது என்பேன். அது ஆண்டறிக்கையின் படப்பக்கத்தில் ஏறும் வேலை அல்ல.

இன்னொன்றும் நடக்கிறது. வீட்டிலேயே வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு வயது நாற்பது, ஐம்பது ஆகிவிட்டது, பெற்றோருக்கு எழுபது. தங்களுக்குப் பின் யார் என்று கேட்கும் அவர்கள் தேடுவது பகல்நேர நிலையத்தையல்ல, படுக்கை உள்ள இல்லத்தை. விடுதியை விட்டு வெளியே வர ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்ட தொண்டின் முன்னால், அதே விடுதிக்கான விண்ணப்பம் இப்போது குடும்பங்களிடமிருந்தே வருகிறது.