ஸ்டீரியோ பெட்டியின் முதுகு

அமெரிக்காவிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ மூட்டை கட்டும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அந்தச் சின்ன மியூசிக் சிஸ்டத்தைக் கூடவே எடுத்துட்டு வரலாமா, இல்ல இங்கேயே யார் தலையிலயாவது கட்டிடலாமா?" மூத்தவள் பிறந்தபோது வாங்கியது, ராஜா பாட்டு அதில் கேட்டால்தான் பாட்டு மாதிரி இருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஹைதராபாத்தில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் எனக்கு ஆடியோ பைத்தியம் உண்டு என்பது தெரிந்ததுதான் என்பதால் கேள்வி என்னிடம் வந்துவிடும். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பெட்டியைத் திருப்பி, முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.

முன்பக்கம் கம்பெனிக்காரன் சொல்லும் கதை. முதுகுப்பக்கம்தான் சரித்திரம். எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தது, எர்த் வேண்டுமா வேண்டாமா, உண்மையில் எத்தனை வாட் சாப்பிடும், எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் குடியிருக்கும் ஊரை வைத்தே அந்தச் சரித்திரத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்.

1935 பிப்ரவரி 3ஆம் தேதி, ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் காலத்தில், ஹைதராபாத்தில் டெக்கான் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 200 வாட். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1950 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு அதை எடுத்துக்கொண்டது. அப்போது ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது.

அந்த வால்வு ரேடியோக்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பச்சைக் கண், மரப்பெட்டி என்று உருகுவார்கள். முதுகைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் சில ஊர்களில் ஏ.சி., சில ஊர்களில் டி.சி. மின்சாரம். இரண்டிலும் ஓட வேண்டும் என்று டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் 'ஏ.சி./டி.சி. செட்' செய்து விற்றார்கள். விலை குறைவு. ஆனால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் நேராக மெயின் கம்பியோடு சேர்ந்திருக்கும். பிளக்கை ஒரு விதமாகச் செருகினால் சட்டம் நியூட்ரலில் இருக்கும், திருப்பிச் செருகினால் கரண்டிலேயே இருக்கும். குமிழ் கழன்று விழுந்து, உள்ளே இருக்கும் உலோகத் தண்டை வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று தொட்டால்? பாட்டிமார்கள் "ரேடியோகிட்டப் போகாதே" என்று அதட்டியது வெறும் பயம் இல்லை. அந்த மரப்பெட்டியும் பின்னால் அடித்த ஓட்டை அட்டையும் அழகுக்காக வந்தவையும் இல்லை.

இனி ஸ்டீரியோ. லண்டனில் ஈ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த ஆலன் புளும்லைன் என்ற எஞ்சினியர் 1931 டிசம்பரில் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். நமக்கு இரண்டு காது, ஆகவே இரண்டு வழியாக ஒலியைப் பதிந்து இரண்டு ஸ்பீக்கரில் விட்டால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதும் சேர்ந்து வரும். ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரண்டு சுவரிலும் இரண்டு ஒலியைச் செதுக்கலாம் என்பது வரை அதில் எழுதியிருந்தார். 1942ல், ராடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து 38 வயதில் இறந்துபோனார். ஸ்டீரியோ எல்.பி. இசைத்தட்டு கடைக்கு வந்தது 1950களின் கடைசியில். மனிதர் பார்க்கவே இல்லை.

நம் பக்கம் அது இன்னும் தாமதம். கல்கத்தாவில் 1970ல் தொடங்கிய சோனோடைன் போன்ற கம்பெனிகள் ஸ்டீரியோ செட் செய்தன, ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு எட்டாத விலை. தமிழில் ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான முதல் படம் என்று பெயர் வாங்கியது 1978ல் வந்த 'பிரியா'. அதை ஸ்டீரியோவில் கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் ஒற்றைக் குழாயில் கேட்டவர்கள்தான் அதிகம்.

ஹைதராபாத்தில் பாதி வழியை அடைத்துக்கொண்டு ஸ்டீரியோ உள்ளே வந்தது விமானத்தில். 1973ல் எண்ணெய் விலை ஏறி, வளைகுடாவில் வேலை குவிந்தபோது பழைய நகரத்திலிருந்து ஏராளமானவர்கள் போனார்கள். பார்க்கஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. நிஜாம் படையில் இருந்த ஏமன் நாட்டு அரபிகளின் வம்சம் வாழும் இடம், 'பேரக்ஸ்' என்பதே மருவி பார்க்கஸ் ஆனது என்பார்கள். அங்கே இருந்தவர்களுக்கு அரேபியா தெரியாத தேசமில்லை. லீவில் வரும்போது பேகம்பேட்டை விமான நிலையத்தில் (ஷம்ஷாபாத் வந்தது 2008ல்தான்) தோளில் டூ-இன்-ஒன், கையில் அட்டைப்பெட்டி. நம்மூரில் 'துபாய் செட்', 'சிங்கப்பூர் செட்' என்று சொன்ன அதே சங்கதிதான்.

வந்த பெட்டியோடு ஒரு சிக்கலும் வந்தது. குவைத், துபாய் போன்ற இடங்களில் மின்சாரம் நம்மைப் போல 220, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சவூதியில் வீடுகளுக்கு வந்தது 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். (2010க்குப் பிறகுதான் அவர்கள் 230க்கு மாறும் வேலையைக் கையில் எடுத்தார்கள்.) அதனால் ஜப்பான்காரன் செட்டின் முதுகில் ஒரு சின்னத் திருகு வைத்தான்: 110, 127, 220, 240. காசு விளிம்பை வைத்துத் திருப்பிக்கொள்ளலாம். ஜெத்தாவில் 127ல் வைத்து ஓடிய செட்டை அப்படியே கொண்டுவந்து இங்கே 230ல் செருகினால் கதை முடிந்தது.

ஏன் முடிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்பு ஓரளவுக்குத்தான் காந்தத்தைத் தாங்கும். வோல்டேஜ் இரட்டிப்பானால் இரும்பு நிறைந்துவிடும், அதன்பின் சுருளில் கரண்ட் ஓடுவதைத் தடுக்க ஒன்றுமில்லை. ஃபியூஸ் சரியாக இருந்தால் போகும். ஃபியூஸுக்குப் பதில் யாராவது செம்புக் கம்பி சுற்றி வைத்திருந்தால் சுருள் எரியும், அதைச் சுற்றியிருப்பதும் எரியும்.

அலைவரிசை வேறு ஒரு வேடிக்கை. கேசட் மோட்டார் டி.சி.யில் ஓடுவதால் 50, 60 எல்லாம் அதற்குக் கவலையில்லை. ஆனால் பழைய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் மோட்டாரின் வேகமே ஹெர்ட்ஸை வைத்துத்தான். 60க்குச் செய்த பிளேயர் 50ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானம் கீழே இறங்கும். சுசீலாம்மா குரல் ஆண் குரல் பக்கம் வந்து நிற்கும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது.

அடுத்தது பிளக். நாம் வைத்திருக்கும் உருண்டைக் கால் மூன்று முனை பிளக் வெள்ளைக்காரன் கொடுத்தது. அவன் 1947ல் தட்டைக் கால், உள்ளேயே ஃபியூஸ் என்று புதிய பிளக்குக்குப் போய்விட்டான். நாம் பழையதையே பிடித்துக்கொண்டோம், 5 ஆம்பியர் 6 ஆனது, 15 ஆம்பியர் 16 ஆனது, அவ்வளவுதான். நம் பிளக்குக்குள் ஃபியூஸ் கிடையாது. மேலே தடியாக, நீளமாக இருக்கும் கால் எர்த். நீளம் எதற்கென்றால், செருகும்போது அது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும். வளைகுடா செட்டின் பிளக் இங்கே நுழையாததால் அதை வெட்டிவிட்டு, வயரைப் பல்லால் சீவி, சாக்கெட்டில் விட்டு இரண்டு தீக்குச்சியைச் சொருகி ஓட்டிய வீடுகள் எத்தனை! கேட்டால் எலெக்ட்ரீஷியன் "குச் நை ஹோதா சாப்" என்பார். ஒன்றும் ஆகாது சார். கோட்டியில் ட்ரூப் பஜார் பக்கம் போனால் நல்ல பிளக் கிடைக்கும், விலை ஒரு பிரியாணியை விடக் குறைவு.

எர்த்தைப் பற்றி இந்த ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது. ஹைதராபாத் உட்கார்ந்திருப்பது கருங்கல் பாறை மேல். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் எல்லாம் பாறையை உடைத்துக் கட்டியவை. மேலே மண் கொஞ்சம்தான், ஏப்ரல் மே மாதத்தில் அதுவும் காய்ந்து பொரிந்துவிடும். காய்ந்த மண்ணில் எர்த் பேருக்குத்தான். அதனால்தான் கரியும் உப்பும் போட்டுக் குழி எடுத்து, கோடையில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உங்கள் அபார்ட்மென்டில் அந்தக் குழி எங்கே என்று வாட்ச்மேனைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் அதன் மேல் துளசித் தொட்டி இருந்தது.

எர்த் சரியில்லாவிட்டாலும், கேபிள் டிவி வயர் ஒரு பக்கமிருந்து எர்த் ஆகி செட் இன்னொரு பக்கமிருந்து ஆனாலும், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். உடனே நம் ஆள் செய்யும் வைத்தியம், எர்த் காலை வெட்டிவிடுவது. இரைச்சல் நின்றுவிடும், கூடவே காப்பும் போய்விடும். உலோகப் பெட்டி போட்ட செட்டில் இதைச் செய்யவே கூடாது. முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் மட்டும் அது இரட்டைக் காப்பு செட், எர்த் இல்லாமலே ஓடச் செய்தது, இரண்டு கால் பிளக்கே போதும்.

1991க்குப் பிறகு வெளிநாட்டுச் சரக்குக்குக் கதவு திறந்தது, 1994ல் சோனி இந்தியாவில் கம்பெனி தொடங்கியது. கடை வாசலில் நீலமும் சிவப்புமாக விளக்கு மினுக்கும் மினி சிஸ்டம்கள் வந்தன. கூடவே வந்த பித்தலாட்டம் பி.எம்.பி.ஓ. அட்டைப்பெட்டியில் 1000 வாட், 2000 வாட் என்று கொட்டை எழுத்து. டெக்கான் ரேடியோ 200 வாட்டில் ஒலிபரப்பைத் தொடங்கியது ஞாபகமிருக்கிறதா? (அது வானொலி அலை, இது ஒலி, இரண்டும் வேறு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) பி.எம்.பி.ஓ.வுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, நினைத்ததைப் போடலாம். முன்னால் 1000 என்றும் முதுகில் மின்செலவு 60 வாட் என்றும் போட்ட செட்டை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். 60 வாட் வாங்கி 1000 வாட் கொடுக்க அது அட்சய பாத்திரமா? ஒரு ஹாலுக்குச் சேனலுக்குப் பத்து, இருபது ஆர்.எம்.எஸ். வாட் தாராளம். 2012ல் மத்திய அரசு போட்ட கட்டாயப் பதிவு ஆணை, 200 வாட்டும் அதற்கு மேலும் உள்ளே வாங்கும் மியூசிக் சிஸ்டங்களைப் பாதுகாப்புத் தர விதிக்குள் கொண்டுவந்தது. கணக்கு உள்ளே வாங்கும் வாட்டுக்கு. அதனால் அட்டையில் ஆயிரங்கள் போட்ட பல செட்டுகள் அந்த ஆணைக்குள் வரவே இல்லை!

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் நம் வீடுகள் எல்லாமே ஒரு மாதிரிதான். ஒரு ஸ்பீக்கர் பீரோ மேல், இன்னொன்று ஷோகேஸில் கொலு பொம்மைக்குப் பின்னால். புளும்லைன் சிந்தித்ததெல்லாம் வீண். இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடமும் ஏறக்குறைய சம முக்கோணமாக, உட்கார்ந்தால் காது உயரத்தில், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி இருந்தால் போதும். பாடுகிறவர் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும். வரவில்லையா? ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கும். அப்போது பேஸும் காணாமல் போகும். வயரை மாட்டும்போது செட் பிளக்கிலேயே இருக்கக் கூடாது, ஒரு இழை பிரிந்து அடுத்ததைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

மேலே பூப்போட்ட துணி போர்த்தும் வழக்கம் வால்வு ரேடியோ காலத்துச் சொத்து. தூசிக்கு நல்லதுதான், செட் ஓடும்போது எடுத்துவிடுங்கள், சூடு வெளியேற வழி வேண்டும். ஸ்பீக்கர் மேல் சாமி படம் வைத்தாலும் விளக்கு வேண்டாம். ஹைதராபாத்தில் கோடை இடி மழை வந்தால் பிளக்கையும் கேபிள் வயரையும் உருவிவிடுவது நல்லது, சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

எங்கள் கட்டடத்தில் நியூ ஜெர்சியிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று, பயண அடாப்டர் வழியாகத் தங்கள் செட்டைச் செருகினார்கள். அடாப்டர் காலை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ஐந்து நிமிடத்தில் புகை. பக்கத்திலேயே பாய் போட்டுப் பையன் படம் வரைந்துகொண்டிருந்தான். மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டதால் கரிந்த நாற்றத்தோடு போயிற்று.

ஆகவே மூட்டை கட்டும் மக்களே, முதுகில் 100-240 என்று இருந்தால் தாராளமாகக் கொண்டு வாருங்கள், பிளக்கை மாற்றினால் போதும். திருகு இருந்தால் விமானம் ஏறும் முன்பே 220-240க்குத் திருப்பி, மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். வெறும் 120 என்றிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், செட் சாப்பிடும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக. அந்தக் கனத்துக்கும் விலைக்கும், ஸ்பீக்கரை மட்டும் எடுத்துக்கொண்டு செட்டை அங்கேயே கொடுத்துவிட்டு வருவது மேல். ஸ்பீக்கருக்கு நாடு கிடையாது, ஓம் கணக்கு பொருந்தினால் எங்கேயும் பாடும்.

பரணில் தூங்கும் பழைய செட்டை இறக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேசட் பெல்ட் இளகியிருக்கும், ஸ்பீக்கர் ஓரத்து ஃபோம் உதிரும், இரண்டையும் மாற்றலாம். மூடியை நீங்களே திறக்க வேண்டாம், பெரிய கெபாசிட்டர்கள் பிளக்கை உருவிய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும். கோட்டி குஜராத்தி கல்லியில் கேட்டுப் பாருங்கள், இதையெல்லாம் திறந்து பழகிய கைகளை அந்தப் பக்கம் கண்டுபிடித்துவிடலாம். போகும்போது முதுகை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.