நாகபுரியில் நள்ளிரவு

மீனம்பாக்கத்திலிருந்து நாகபுரிக்கு வரைபடத்தில் கோடு இழுத்தால் அது எங்கள் எளாவூரை ஒட்டித்தான் போகும். 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு வான் அஞ்சல் சேவையில் சென்னை, தில்லி, பம்பாய், கல்கத்தா விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு திரும்பின. முதலில் டக்கோட்டா, பிறகு நான்கு எஞ்சின் ஸ்கைமாஸ்டர்.

விமான வரலாறு என்றாலே 1932இன் டாட்டா சாகசம் என்று எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் நாகபுரி விமானியின் தூக்கத்தை நிர்ணயித்தது சாகசமல்ல, அலுவலக நேரம். சாயங்காலம் போட்ட கடிதம் அடுத்த நாளே மேசைக்கு வந்தாகணும். ஒன்று தாமதித்தால் மற்ற மூன்றும் காத்துக்கிடக்க வேண்டிய ஏற்பாடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் நைட் ஷிஃப்டை உழைப்புச் சுரண்டல் என்று பேசுகிற நம்மாட்கள், விமானி அறையை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ‘கேப்டன்’ என்கிற பட்டம் கண்ணை மறைக்கிறது போலும். 1973இல்தான் அந்த ராத்திரி வேலை முடிவுக்கு வந்தது.